எர்த் பட்டையும் நாலு கடையும்: பிக்கப் மக்கர் செய்தால் எங்கே கொண்டுபோவது?

என் வண்டியிலிருந்து கழற்றிய பழைய எர்த் பட்டை ஒன்றை வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். எஞ்சினிலிருந்து பேட்டரி மைனஸுக்குக் கரண்ட் திரும்பும் வழி இதுதான். ஒரு சாண் நீளம். சும்மா பார்த்தால் பின்னிய செம்புப் பட்டை முழுசாகத்தான் தெரியும். போல்ட் ஏறும் கண்ணுக்குப் பக்கத்தில் விரலால் மடக்கினால் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி உதிரும். உள்ளே இழைகளில் முக்கால்வாசி அறுந்து கிடக்கும். இதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு செல்ஃப் மோட்டாரும் ஒரு பேட்டரியும் மாற்றிவிட்டேன். நாலு நாள் ஓட்டமும் போயிற்று. புதுப் பட்டைக்குக் கொடுத்தது 250 ரூபாய்.

நடந்தது இப்படி. என்னுடையது 2018 மாடல், பிஎஸ் 4 புகை விதிப்படி வந்த டீசல் பிக்கப், டிஎன் 75 (மார்த்தாண்டம் பதிவு). வாரத்தில் நாலு நாள் குளச்சலிலிருந்து மீன். மற்ற நாட்களில் வாழைக்குலை, சிமெண்ட், எது அமைகிறதோ அது. ஒரு விடியற்காலை ஐஸ் போட்டு பெட்டியெல்லாம் ஏற்றிய பிறகு சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நாலு பேர் தள்ளி எடுத்தோம். நாகர்கோவிலில் சரக்கை இறக்கிவிட்டு, வழக்கமாகப் போகும் ஒர்க் ஷாப்பில் விட்டேன். செல்ஃப் போச்சு என்றார்கள். மாற்றினேன். மூன்று நாள் முதல் தடவையிலேயே எடுத்தது. நாலாம் நாள் மறுபடி அதே ‘டக்’. இந்தத் தடவை பேட்டரி வீக் என்றார்கள். அதையும் மாற்றினேன். ஒரு வாரம் ஓடிற்று.

மூன்றாம் தடவை மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். வயதானவர். வண்டிக்கு அடியில் குனியக்கூட இல்லை. ஜம்பர் கேபிளின் ஒரு நுனியைப் பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறு நுனியை எஞ்சினில் பெயிண்ட் இல்லாத ஓர் இடத்தில் கவ்வவிட்டு, “சாவியைத் திருப்பு” என்றார். ஒரே சுற்றில் எடுத்தது.

“மக்கா, செல்ஃபும் நல்லாத்தான் இருக்கு, பேட்டரியும் நல்லாத்தான் இருக்கு. வண்டிக்கு எர்த்துதான் இல்ல.”

“அப்போ நான் மாத்துனதெல்லாம், அண்ணே?”

“அது போச்சு.”

செல்ஃபை மாற்றியதும் மூன்று நாள் ஏன் ஓடியது என்று அப்புறம்தான் புரிந்தது. மோட்டாரைக் கழற்றி மாட்டும்போது வயரையெல்லாம் அசைத்து, போல்ட்டுகளைச் சுரண்டி முறுக்கியிருப்பார்கள். அந்த அசைவில் எர்த் கொஞ்சம் உயிர் பெற்றிருக்கிறது. பாகம் மாற்றியதால் சரியானது என்று அவர்களும் நம்பினார்கள், நானும் நம்பினேன். அந்த ஒர்க் ஷாப்பை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். என் கிளட்ச்சை அவர்கள்தான் போட்டார்கள். இன்றுவரை ஒரு குறை இல்லை. கிளட்ச் போடத் தெரிந்தவரிடம் கரண்ட் கோளாறைக் கொண்டுபோனது என் தப்பு.

ஆக, பிக்கப் மக்கர் செய்தால் நம் முன்னால் நாலு வழி இருக்கிறது. நாமே பார்ப்பது, பழகிய மெக்கானிக், தனி வேலைக்காரர்கள் (ஆட்டோ எலக்ட்ரீஷியன், வண்டியின் டீசல் பம்பைப் பழுது பார்க்கும் கடை), கம்பெனி சர்வீஸ். எது நல்லது என்று டீக்கடையில் சண்டை போடலாம், ஆனால் கோளாறு எந்த ஜாதி என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. நான் பார்த்தவரை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எஞ்சின் போச்சு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி எஞ்சினே இல்லை. உப்பு, தண்ணீர், காற்று இந்த மூன்றில் ஒன்று.

நாமே பார்ப்பது: அரை மணி நேரமும் ஒரு மீட்டரும்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. பிக்கப் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் முதலில் வாங்க வேண்டியது அதுதான் என்பேன். சீட் கவர் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், சாவி போடாமல், பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்த பேட்டரி. 12.4 என்றால் பரவாயில்லை. 12-ஐ ஒட்டி வந்துவிட்டால் கிட்டத்தட்ட காலி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12 சொச்சமே காட்டினால் டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை. பெல்ட் தளர்வா, பிரஷ் தேய்ந்ததா என்று பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு, பேட்டரி கொதித்துச் சாகும். செல்ஃப் அடிக்கும்போது 10-க்கு அருகில் இறங்குவது சகஜம், 9.6-க்கும் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

இப்போது என்னை மாதிரி ஏமாறாமல் இருக்க ஒரு சோதனை. மீட்டரின் சிவப்பு முனையை எஞ்சின் இரும்பில் வையுங்கள், கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸ் தண்டில் வையுங்கள். கிளாம்பில் வேண்டாம், தண்டிலேயே வையுங்கள். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 என்று காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ அரிப்பு.

லைட் பளிச்சென்று எரியுதே, ஹாரன் அடிக்குதே, அப்புறம் எப்படி எர்த் போயிருக்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். நானும் கேட்டேன். கணக்கு சின்னதுதான். டீசல் வண்டியின் செல்ஃப் சுற்றும்போது 200 ஆம்பியர், அதற்கு மேலும் இழுக்கும். வழியில் ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடை இருந்தால்கூட 2 வோல்ட் அங்கேயே தீர்ந்துவிடும். அதே வழியில் ஹெட்லைட் இரண்டும் இழுப்பது பத்து ஆம்பியர் சொச்சம், இழப்பு 0.1 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. அதனால் லைட்டை வைத்து எர்த்தை எடை போட முடியாது. எர்த் மோசமாக இருக்கும்போது விடாமல் செல்ஃப் அடித்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. கரண்ட் வேறு வழி தேடும். கியர் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகப் பாய்ந்து அவற்றைச் சுட்டுவிடும்.

சத்தமும் ஒரு மீட்டர்தான். ‘டக் டக் டக்’ என்று வேகமாக அடித்தால் பேட்டரி அல்லது டெர்மினல். ஒரே ஒரு ‘டக்’ என்றால் எர்த், இல்லையென்றால் செல்ஃபின் சோலனாய்டு (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்). மோட்டார் மட்டும் ‘விர்ர்’ என்று சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் பல்சக்கரம் மாட்டவில்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் வண்டி பிடிக்காவிட்டால் கரண்டை விட்டுவிட்டு டீசல் பக்கம் போங்கள்.

இந்த அரை மணி நேரம் எதையும் ரிப்பேர் செய்வதற்காக இல்லை. எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வதற்கு.

கரண்ட் கோளாறு: எலக்ட்ரீஷியனா, மெக்கானிக்கா, கம்பெனியா

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாரண்டி முடிந்த வண்டிக்கு ஆட்டோ எலக்ட்ரீஷியன்தான்.

நம் ஊரில் இது மற்ற ஊர்களைவிட முக்கியம். சுமார் 72 கிலோமீட்டர் கடற்கரை. சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று வரிசையாக மீன்பிடித் துறைமுகங்கள். உப்புக்காற்று ஒரு பக்கம். ஜூனில் எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு என்று வருஷத்துக்கு இரண்டு மழை இன்னொரு பக்கம். மீன் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் பின்பக்கப் பலகை இடுக்கு வழியாகச் சேஸிஸ் மேல் விழும், அங்கிருந்து டெயில் லைட் சாக்கெட்டுக்கும் வயரிங் குழாய்க்குள்ளும் போகும். பிரேக் போட்டால் இண்டிகேட்டர் மினுங்கும், இண்டிகேட்டர் போட்டால் நம்பர் பிளேட் லைட் எரியும். பேய் பிடித்த மாதிரி இப்படி நடந்தால் பின்பக்க எர்த் போல்ட் துருப்பிடித்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பல்ப் மாற்றிப் பிரயோஜனம் இல்லை.

நல்ல எலக்ட்ரீஷியன் என்ன செய்வார்? போல்ட்டைக் கழற்றி, சேஸிஸில் பெயிண்டும் துருவும் போகச் சுரண்டி, புதுக் கண் வைத்து, முறுக்கி, மேலே கிரீஸ் தடவுவார். வயர் இணைப்பை டேப் சுற்றி விடாமல் ஈயம் வைத்து மேலே சுருங்கும் குழாய் போடுவார். டேப் மட்டும் சுற்றுகிறவரிடம் இரண்டாவது தடவை போகாதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு அந்த டேப் ஒரு மழை தாங்காது.

கம்பெனி சர்வீஸில் இந்த வேலைக்கு எனக்குக் கிடைத்த அனுபவம் வேறு. வயரிங் செட் முழுசாக மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் வேலை முறை அப்படி. ஒரு இணைப்பைத் தேடி ஒரு நாள் உட்கார அவர்களுக்கு நேரம் கிடையாது, பாகத்தை மாற்றினால்தான் பொறுப்பேற்க முடியும். அது ஒரு வகையில் நியாயம்தான். ஆனால் துருப்பிடித்த ஒரு போல்ட்டுக்கு நான் கொடுக்கும் விலை அது இல்லை.

டைனமோ, செல்ஃப் இரண்டிலும் புதுசா, ஓவராலா என்ற கேள்வி வரும். பிரஷ், பேரிங், சோலனாய்டு முனை போயிருந்தால் ஓவரால் போதும். புதுசின் விலையில் பாதிக்கும் குறைவில் முடியும். ஆர்மேச்சர் கருகியிருந்தால், அல்லது டைனமோவின் உள்ளே உப்பு ஏறி வெள்ளை பூத்திருந்தால், ஓவராலுக்குப் போடும் பணம் தண்டம். பிரித்து வைத்துவிட்டு உங்களைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் கடையில் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

நிறுத்திய வண்டியில் பேட்டரி தானாக இறங்குவது தனிக் கதை. பேட்டரி மைனஸைக் கழற்றி, இடையில் மீட்டரை ஆம்பியரில் வைத்து, கதவெல்லாம் பூட்டி அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். (மீட்டர் மாட்டியிருக்கும்போது மட்டும் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.) அதிகம் என்றால் பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கும்போது இறங்குகிறதோ அந்த வரிசையில் திருடன் இருக்கிறான். பெரும்பாலும் நாமே போட்ட பாட்டுப் பெட்டி அல்லது ஜிபிஎஸ்.

டீசல் கோளாறு: இங்கேதான் பணம் கரையும்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) என்ற வார்த்தை வந்தாலே ஐந்து இலக்கத்தில் பேச ஆரம்பிப்பார்கள்.

டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. காற்றை நெருக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சி எரிப்பதுதான் வேலை. காமன் ரயில் வண்டிகளில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைக்கும் முறை) பம்ப் நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தைக் கட்டினால்தான் இசியு, அதாவது எஞ்சினை நடத்தும் கணினி, இன்ஜெக்டரைத் திறக்கும். முழு லோடில் இது ஆயிரத்தையும் தாண்டிப் போகும். அதனால் துளி தண்ணீர், துளி காற்று, கொஞ்சம் அடைப்பு எதையும் இந்த எஞ்சின் பொறுக்காது.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் வண்டி பிடிக்கவில்லை, அல்லது ஓடும்போது திடீரென்று இழுவை செத்துப்போகிறது என்றால் முதலில் டீசல் பில்டர். அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஐந்து நிமிஷம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும், எல்லை கோடு போட்ட மாதிரி தெரியும். மழைக்காலத்தில் பாதி டாங்கோடு ராத்திரி முழுக்க நிறுத்தும் வண்டிகளில் உள்ளே ஈரம் வேர்த்து இப்படிச் சேரும். கேனில் வாங்கி ஊற்றுவதும் ஒரு காரணம். வடித்துவிட்டு கைப்பம்பை இறுகும்வரை அழுத்திக் காற்றை எடுத்தால் பாதிக் கேஸ் அங்கேயே முடியும். பில்டர் மாற்றிப் பல நாளாகிவிட்டதென்றால் அதையும் மாற்றுங்கள். இதற்கு எந்தக் கடையும் வேண்டாம், கொஞ்சம் பொறுமையும் ஒரு ஸ்பேனரும் போதும்.

அதற்கப்புறமும் மிஸ்ஸிங், கறும்புகை, காலையில் நீள நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருப்பது, இதெல்லாம் தொடர்ந்தால் இன்ஜெக்டரைச் சந்தேகிக்கலாம். இங்கே பழைய மெக்கானிக்குகள் சிலரிடம் ஒரு பழக்கம் உண்டு. வண்டி ஓடும்போதே நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பார்கள். மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய எஞ்சினுக்கு அது வழக்கம். காமன் ரயிலில் அதைச் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் கைத்தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் ஊசி குத்திய அளவுக்குத்தான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம். உங்கள் மெக்கானிக் ஓடும் வண்டியில் ஸ்பேனரை அங்கே கொண்டுபோனால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அவர் கைக்காகவும்தான்.

சரியான சோதனை டீசல் பம்ப் கடையில் நடக்கும். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, நாலு சின்னப் பாட்டில்களில் நாலு குழாயை விட்டு, எஞ்சினைச் சில நிமிஷம் ஓட விடுவார்கள். நாலிலும் கிட்டத்தட்ட ஒரே உயரம் ஏறினால் உள்கசிவுக்கு இன்ஜெக்டரைக் குறை சொல்ல முடியாது. மூன்றில் விரல் அளவும் ஒன்றில் பாட்டில் பாதியும் இருந்தால் அந்த ஒன்றுதான் கள்ளன். எதையும் பிரிக்காமல் இருபது நிமிஷத்தில் தெரிந்துவிடும். இந்தச் சோதனை செய்யாமல் நாலு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிற கடைக்கு நான் பதில் சொல்வதில்லை, வண்டியைத் திருப்பிவிடுவேன்.

சரி, ஒன்று போய்விட்டது என்று தெரிந்தால்? மூன்று வழி. கம்பெனியில் புதுசு: விலை கூடுதல், ஆனால் மாற்றியதும் அதன் மேல் பொறித்திருக்கும் குறியீட்டை ஸ்கேன் கருவி வழியாக இசியுவில் ஏற்றித் தருவார்கள். டீசல் கடையில் ரீகண்டிஷன்: வால்வும் நாசிலும் மாற்றி, பெஞ்சில் வைத்து அளந்து, அளவு அச்சிட்ட தாளும் தருவார்கள், புதுசில் மூன்றில் ஒரு பங்குக்கு எனக்கு முடிந்தது. மூன்றாவது, பழைய வண்டியிலிருந்து கழற்றிய செகண்ட்ஸ். செகண்ட்ஸ் வேண்டவே வேண்டாம். எவ்வளவு தேய்ந்தது என்று யாருக்கும் தெரியாது, மாட்டுக்கூலியும் இரண்டு தடவை கொடுக்க வேண்டிவரும். இரண்டாவது வழியில் நான் கேட்பது இரண்டே: அளவுத் தாளைக் காட்டு, குறியீட்டை ஏற்றித் தருவாயா. குறியீடு ஏற்றாமல் மாட்டினால் வண்டி ஓடும், ஆனால் ஐடிலில் தட்டும், புகையும் வரும்; இன்ஜெக்டர் சரியில்லை என்று அதையே மறுபடி கழற்றுவீர்கள்.

இதில் கம்பெனியைவிட டீசல் கடை எனக்குப் பிடிக்கும். ஒரே வேலையைத் தினமும் செய்கிறவர் கை என்பது வேறு.

இழுவை இல்லை என்றால்

புகையின் நிறம் பாதி சொல்லிவிடும். கறுப்பு என்றால் டீசல் கூடுதல் அல்லது காற்று போதவில்லை. கண் எரியும் வெள்ளைப் புகை எரியாத டீசல். இனிப்பு வாடையோடு வெள்ளையாக வந்தால் கூலண்ட் உள்ளே போகிறது. நீலம் என்றால் எஞ்சின் ஆயில்.

பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் ஷீட் ஏற்றும் நண்பர் ஒருவரின் வண்டி, குலசேகரம் தாண்டி ஏற்றத்தில் இரண்டாம் கியரிலேயே மூச்சு வாங்கியது. கறும்புகை. ஒரு கடையில் டர்போவும் (எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் பாகம்) இன்ஜெக்டரும் என்று ஒரு தொகை சொல்லியிருந்தார்கள், கேட்டால் தூக்கம் வராது. நான் போனது ஞாயிற்றுக்கிழமை. பானெட்டைத் திறந்து எஞ்சினை ஏற்றி இறக்கச் சொன்னேன். ‘உஸ்ஸ்’ என்று பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கம், ஒரு இரும்புக் கிளிப்பில் உரசி உரசி விரல் நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது; கையை அடியில் விட்டால் எண்ணெய்க் கரி ஒட்டும். ரப்பர் சுமக்கிற வண்டி ரப்பர் குழாய் இல்லாமல் மூச்சு முட்டி நின்றது. குழாய் மாற்றியதோடு வேலை முடிந்தது.

அதனால் வரிசை இதுதான்: ஏர் பில்டர் (ஆரல்வாய்மொழிக் காற்றடிக் காலத்தில் அந்தப் பக்கம் தினமும் ஓடுகிறவர்கள் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டருக்குக் காத்திருக்காதீர்கள்), குழாய்களும் கிளாம்ப்களும், இஜிஆர் வால்வில் (புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் விடுவது) கரி, அப்புறம்தான் டர்போ. முதல் மூன்றுக்கும் பழகிய மெக்கானிக் போதும். டர்போ மாற்றச் சொன்னால் உள்குழாயைக் கழற்றி இரும்புத் தண்டைக் கையால் அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் இலேசான ஆட்டம் இருக்கும், அது சகஜம். முன்னும் பின்னுமாக ஆடினாலோ, இறக்கை ஓட்டில் உரசிய தடம் இருந்தாலோ சரி, மாற்றலாம்.

எஞ்சின் சூடாவது, கிளட்ச், பேரிங், பட்டை, ஜாயிண்ட் இதெல்லாம் பழகிய மெக்கானிக் ராஜ்ஜியம். கம்பெனிக்கு ஏன் போக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. சூடு விஷயத்தில் மட்டும் ஒன்று: ரேடியேட்டர் மூடியை ஆறிய பிறகு திறந்து, எஞ்சினை எடுத்துப் பாருங்கள். குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட். அந்த நிலையில் இன்னொரு ட்ரிப் என்று போகாதீர்கள், ஹெட் வளைந்தால் செலவு பல மடங்கு. கூலண்டுக்குப் பதில் வாய்க்கால் தண்ணீர் ஊற்றி ஓட்டியவர்களிடம்தான் அடைத்த ரேடியேட்டரை அதிகம் பார்த்திருக்கிறேன்.

கம்பெனி சர்வீஸ் எப்போது ஜெயிக்கிறது

இவ்வளவு சொன்னதால் கம்பெனி சர்வீஸுக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். இரண்டு இடத்தில் அதற்கு மாற்றே இல்லை.

ஒன்று, வாரண்டி ஓடும் வண்டி. பொலிரோ பிக்கப்போ, தோஸ்தோ, குட்டி யானையோ, எதுவானாலும் வாரண்டிக்குள் வெளியே யாரும் வயரை வெட்ட விடாதீர்கள். கலர் லைட்டும் டபுள் ஹாரனும் போட வயரைக் கடித்து இணைத்தால், நாளைக்கு இசியு போனாலும் உங்கள் வெட்டைக் காட்டி மறுக்க அவர்களுக்கு வழி கிடைக்கும்.

இரண்டு, பிஎஸ் 6. 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ் 4 வந்தபோது பழைய மெக்கானிக்குகள் ஓரளவு சமாளித்துக்கொண்டார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்த பிறகு கதை மாறியது. பெரும்பாலான டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வந்துவிட்டது. அது நிறைந்தால் வண்டியே சூடேற்றி உள்ளே எரித்துக்கொள்ளும்; அதற்கு நிற்காமல் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். தோவாளையில் பூ ஏற்றி நாகர்கோவிலில் இறக்கித் திரும்புகிற மாதிரிச் சின்ன ஓட்டம் மட்டுமே ஓடினால் எரிப்பு பாதியில் நின்று நின்று, ஒரு நாள் டேஷ்போர்டில் எச்சரிக்கை லைட் எரிந்து இழுவை போய்விடும். லைட் எரிந்த அன்றே காவல்கிணறு போய் நான்குவழிச் சாலையில் ஏறி, வள்ளியூர் வரை ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு வந்தால் பல சமயம் அணைந்துவிடும். அணையாவிட்டால் கம்பெனி ஸ்கேனரில் போட்டு நின்ற இடத்திலேயே எரிக்க வைக்க வேண்டும்.

பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு இதைச் செய்யாமல், உள்ளே இருப்பதை வெட்டி எடுத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். வெட்டினால் சென்சார் கத்தும், எப்சிக்கு (தகுதிச் சான்று) காட்டும்போது மாட்டும், விற்கும்போதும் விலை குறையும். பக்கத்துத் தெருக்காரர் அதைக் கேட்காமல் கம்பெனிக்குப் போய் ஒரே நாளில் சரியாக்கிக்கொண்டு வந்தார். அந்த பில் எவ்வளவு என்று கேட்டேன். என் செல்ஃபுக்கும் பேட்டரிக்கும் நான் கொடுத்ததைவிடக் குறைவு.

போனோடு பேசும் சின்ன ஸ்கேன் கருவியை நானும் வாங்கி வைத்திருக்கிறேன். கோட் எண்ணைக் காட்டும், ரயில் அழுத்தத்தைக் காட்டும், அதுவரை நல்லது. ஆனால் கோட் காட்டும் பாகத்தை அப்படியே மாற்றுகிறவர்கள் உண்டு. ரயில் அழுத்தம் குறைவு என்று கோட் வந்தால் சென்சாரும் காரணமாகலாம், பம்பும் ஆகலாம், அடைத்த பில்டரும் ஆகலாம். மிகவும் மலிவானதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கம்பெனியில் விடுவதானால் ஒரு யோசனை. வேலைக் காகிதத்தில் ‘இழுவை இல்லை, செக் பண்ணவும்’ என்று எழுத விடாதீர்கள். எப்போது, எந்த ஏற்றத்தில், எவ்வளவு லோடில், சூடான பிறகா ஆறியபோதா, என்ன புகை, எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். வெளியே எந்தக் கடையானாலும் இதே பேச்சுதான்.

என் வண்டியின் இப்போதைய நிலவரம்

காலையில் எடுத்ததும் கொஞ்சம் நீலப் புகை வருகிறது. பத்து நொடியில் நின்றுவிடும். பழகிய மெக்கானிக் எஞ்சின் வேலை பார்த்துவிடலாம் என்கிறார். கம்பெனியில் எஞ்சினை அப்படியே மாற்றும் திட்டம் ஒன்று சொன்னார்கள். மூன்றாவது, இருக்கிற விலைக்கு விற்றுவிட்டு வேறு பார்ப்பது.

நான் மூன்றுக்கும் இன்னும் தலையாட்டவில்லை. ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து அதன்மேலேயே வைத்துப் பார்த்தேன். இலேசாக அசைகிறது, துள்ளி விழவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் உள்ளிருந்து வரும் காற்று மூடியைத் தூக்கியடித்திருக்கும். ஏற்றத்தில் லோடோடு போகும்போது நீலம் இல்லை. டர்போ குழாயின் உள்ளே எண்ணெய் ஈரம் இருக்கிறது, தேங்கி நிற்கவில்லை. இதெல்லாம் வால்வு சீல் (வால்வு வழியாக ஆயில் உள்ளே கசியாமல் தடுப்பது) பக்கம் கை காட்டுகிறது. அது உண்மையென்றால் முழு எஞ்சின் வேலைக்கு அவசியமே இல்லை. டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு வைத்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது என்று குறித்து வருகிறேன். முதல் ஆயிரத்துக்குக் கால் லிட்டர்கூட ஆகவில்லை. இரண்டாவது ஆயிரம் எடவப்பாதி மழை பிடிப்பதற்குள் முடியும். அதில் ஒரு லிட்டரைத் தொட்டால் மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுப்பேன். தொடாவிட்டால் பின்பக்க எர்த் போல்ட்டைச் சுரண்டி கிரீஸ் தடவிவிட்டு, மீன் ஏற்றப் போவேன்.